அனீஸாவின் கண் சிவந்தது மருந்தால் அல்ல

தஹ்மீனா,

விடியற்காலை பஜ்ரு தொழுதுவிட்டு அப்படியே திருக்கடையூர் ஓட்டலுக்குப் போகிறேன். உன்னை எழுப்பினால் நேற்று விட்ட இடத்தில் சண்டை தொடங்கும்.

"நீச்சல் குளத்துல மருந்தை அள்ளிக் கொட்டி புள்ள கண்ணைக் கெடுத்துட்டீங்க" என்றாய். தோஹாவில் ஒன்பது வருஷம் குளம் பார்த்தவனிடம் சொல்கிற பேச்சா இது? குளோரின் போதாதபோதுதான் அந்த நெடி வரும். வியர்வை, எண்ணெய், சிறுநீர் இவற்றோடு கலந்து குளோரின் வேறொன்றாக மாறிவிடுகிறது. மூக்கில் ஏறுவதும் கண்ணை எரிப்பதும் அதுதான். சுத்தமான குளத்தில் நெடியே தெரியாது.

அங்கே ஓட்டலில், அறுபதாம் கல்யாணத்துக்கு அமெரிக்காவிலிருந்து வரும் பிள்ளைகள், அபிஷேகம் முடிந்த கையோடு அப்பாவை மஞ்சளும் சந்தனமுமாகக் குளத்தில் இறக்குகிறார்கள். குளித்துவிட்டு இறங்கச் சொன்னால், "இப்பத்தானே பாய் குடங்குடமா ஊத்துனாங்க" என்கிறார்கள். மேனேஜரோ உன்னைப் போலவே நெடி அடிக்கிறது, மருந்தைக் குறை என்கிறார். போன வாரம் குறைத்தேன். இன்று குளத்தைப் பூட்டிவிட்டு அளவுக்கு மருந்து போடப்போகிறேன். அவர் போன் செய்தால் கிளம்பிவிட்டேன் என்று சொல்.

ராத்திரி மிஞ்சிய மீன் ஆணத்தைச் சோற்றுக்குச் சூடாக்கிவிடு. பீரோ சாவி அரிசி டின்மேல்.

அனீஸா கண்ணை ஆறவைத்த வெந்நீரால் கழுவு. மதியத்துக்குள் தெளியாவிட்டால் மாயவரத்தில் டாக்டரிடம் காட்டு.

இன்னொன்று. நேற்று அவளை ஓட்டலுக்குக் கூட்டிப்போனபோது, அவள் குளத்தில் இறங்கும்போதே எனக்கு நெடி தெரிந்தது. "நல்லா நீந்துறேனா அத்தா" என்று கேட்டாள். ஏறி வா என்று சொல்ல மனம் வரவில்லை.