உம்மாவின் பெட்டியில் இருந்த இறைச்சி

அம்பிட்டிய, கண்டி.
ஒக்டோபர் 11

அன்பு மகள் அஸீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகன் ஆகிபும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். முனாப் ஹாஜியாரின் மகன் மெல்பேர்ன் வருவதால் இதை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கடிதம் மட்டும்தான், சாப்பாடு எதுவும் இல்லை. பயப்படாதே.

இங்கே பின்னேரமானால் மழை. தம்பி ஷாமிலுக்குப் பரீட்சை நெருங்குகிறது. உம்மாவுக்கு முழங்கால் வலி குறைவு. நீ பேசும்போதெல்லாம் அவள் பக்கத்திலேயே இருப்பதால், போனில் சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

ஓகஸ்ட் லீவில் நாங்கள் வந்தபோது விமான நிலையத்தில் பிடிபட்ட இறைச்சி உம்மா வைத்ததல்ல மகள். நான் வைத்தது.

உனக்கு மசக்கையில் எதுவும் தங்காமல் இருந்த நாட்களில், "வாப்பா காயவைக்கிற எறச்சி ஒரு துண்டு கிடைச்சா போதும்" என்று சொன்னாய். ஹஜ்ஜுப் பெருநாள் இறைச்சியில் உப்பும் மிளகும் பிரட்டி, மொட்டை மாடியில் காகம் விரட்டி, மழை இருட்டினால் ஓடிப்போய் எடுத்து, பதினொரு நாள் காயவைத்தேன். உம்மா கண்டிப்பாகச் சொன்னாள்: "அந்த நாட்டுக்கு எறச்சி கொண்டு போக ஏலா. புள்ள எத்தின தரம் சொல்லீக்கிறா." நான் தலையாட்டிவிட்டு, அவள் தொழப் போன நேரத்தில் அவளுடைய பெட்டியில் அபாயா அங்கிக்குள் சுற்றி வைத்தேன்.

அங்கே சோதனையில் மாசிக் கருவாட்டையும் தொதல் இனிப்பையும் உம்மாவே எடுத்துக் காட்டினாள். அதிகாரி பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்றார். இறைச்சி இருக்கிறதா என்று கேட்டார். நான்தான் இல்லை என்றேன். பெட்டியைக் கிளறியதும் பொட்டலம் வந்தது. யாருடையது என்று அவர் கேட்டபோது என் நாக்கு எழும்பவில்லை. உம்மா ஒருமுறை என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "மை மிஸ்டேக், சேர்" என்றாள்.

எச்சரித்து விடுவதற்குள் இரண்டரை மணித்தியாலம் போய்விட்டது. நீ வயிற்றுப் பிள்ளையோடு வெளியே நின்று கால் வீங்கிப்போயிருந்தாய். அந்தக் கோபத்தில், "உங்களால எங்களுக்கும் வெக்கம், உம்மா" என்றாய். மருமகனின் முன்னால் அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. இருந்த மூன்று கிழமையும் நீ அவளோடு அளந்து பேசினாய். அவள் சமைத்தாள், உன் காலுக்கு எண்ணெய் தடவினாள்.

திரும்பி வந்த பிறகு, உண்மையை உன்னிடம் சொல்லப் போகிறேன் என்றேன். "புள்ளைக்கு வாப்பா மேல உள்ள மதிப்புக் கொறையப் படாது" என்று தடுத்துவிட்டாள். உன் பிள்ளைப்பேறுக்கு வரமாட்டேன் என்று அவள் சொல்வது, நீ நினைப்பதுபோல் முழங்காலுக்காக அல்ல. மறுபடியும் உனக்குத் தலைகுனிவு வந்துவிடுமோ என்று பயப்படுகிறாள். ஆனால் காலண்டரில் உன் நாட்களை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வருகிறாள்.

இந்தக் கடிதத்தை மருமகனுக்கும் வாசித்துக் காட்டு. அவருக்குத் தெரிய வேண்டும்.

அல்லாஹ் உன்னைத் தாயும் பிள்ளையுமாகச் சுகமாக்கித் தருவானாக. என்னோடு நீ எத்தனை நாள் கோபமாக இருந்தாலும் தாங்குவேன், மகள். உம்மாவை மட்டும் இன்றைக்கே கூப்பிட்டு, வாங்க உம்மா என்று சொல்லிவிடு.

உன் வாப்பா,
ஸெய்னுலாப்தீன்