குப்பத்துக்குப் பேசும் ஆப்

ஆடி மாதம், சனிக்கிழமை இரவு.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொள்கிறது.

படகுச் சேதியெல்லாம் இனி எந்தச் சாட் ஆப்பில் என்று முடிவெடுக்க இன்று முகத்துவாரக்குப்பத்தில் ஊர்க்கூட்டம். தலைவர் காட்டிய ஆப்பில் டைப் அடிக்க மட்டும்தான் முடியும். என் போன்றவர்களுக்கு அது வெறும் வெளிச்சம்.

என் மருமகள் அமுதா எழுந்தாள். "இன்னா தலைவரே, வலை இழுக்குற ஈரக் கைல எவன் டைப் அடிப்பான்? எங்க மாமா எப்டிப் படிப்பாரு? பட்டன அமுக்கிப் பேசுற ஆப்பு வேணும்."

சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் படகுக்காரர்கள் எல்லாம் அவள் சொன்னதற்கே கை தூக்கினார்கள்.

அங்கேயே அந்தப் பேசும் ஆப்பைப் போட்டார்கள்; அதில் முதல் பேச்சு என்னுடையது. "டேய் பாபு, அலை எப்டி கீது?"

கடலிலிருந்து மகன் குரல் வந்தது. "நல்லா கீது நைனா, கத்தாத!"

இன்னும் கத்தினேன். "இத்த ஜெயிச்சுக் குடுத்தது உன் பொண்டாட்டிடா!"