உன் குரல் ஏறாத ஜிப் கோப்பு

இன்று காலை அலுவலகத்தில் ஒருவர் எழுதிய நிரலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நோட் ஜேஎஸ்ஸில், அதாவது ஜாவாஸ்கிரிப்டில் எழுதியது. பழைய கோப்புகளைச் சுருக்கி ஒரே ஜிப்பாகக் கட்டி வைத்துவிட்டு மூலத்தை அழிக்கிற வேலை. கட்டச் சொன்ன வரிக்கு அடுத்த வரியிலேயே அழிக்கச் சொல்லியிருந்தார். கட்டி முடிந்ததா என்று நடுவில் ஒரு கேள்வி கிடையாது. அவரைக் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். சோதித்தபோது சரியாகத்தானே வந்தது என்றார் பாவம். உனக்கும் சரியாகத்தான் வந்தது.

மராத்தி ஊரான கசார்வாடியில் லேத் பட்டறைக்கு மேலே நம் அலுவலகம் இருந்ததே, அது கண்முன் வந்துவிட்டது. கீழே நாள் முழுக்க இரும்பு அறுக்கும் சத்தம். மேலே தமிழ் பேச நீயும் நானும் மட்டும். சுற்றுவட்டாரத்துத் தொழிற்கூடங்களின் வரைபடங்களைக் கணினியில் பாதுகாத்துக் கொடுப்பது நம் பிழைப்பு. ஜாவாஸ்கிரிப்ட் என்றால் இணையப் பக்கத்தில் பொத்தானை மினுக்கவைக்கிற சமாச்சாரம் என்று மற்றவர்கள் நினைத்திருந்த காலம். நீ அதை விண்டோஸுக்குள்ளேயே ஓடவிட்டு, அன்றன்றைய வரைபடங்களை ஜிப்பாக்கினாய். கிடப்பதை வைத்து ஓட்டுவதில் உன்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. கோப்பை உள்ளே போடு என்று சொன்னால் விண்டோஸ் தலையாட்டிவிட்டு நிரலை மேலே போகவிட்டுவிடும். வேலை பின்னால் தன் போக்கில் நடக்கும். முடிந்ததும் சொல்லாது. அதனால் ஒவ்வொரு கோப்புக்கும் பத்து வினாடி காத்திருக்கும்படி எழுதினாய். பிறகு மூலத்தை அழித்துவிட்டு அடுத்ததற்குப் போகும். வரைபடங்கள் சின்னவை, பத்து வினாடியே தாராளம். "மெஷினு முடிச்சுட்டேன்னு வந்து சொல்லாது புள்ள, நாமதான் தெறந்து பாக்கோணும்" என்பாய். ஆரம்பத்தில் தினமும் திறந்து பார்த்தோம். ஒருநாளும் தவறவில்லை. அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

உன் தொண்டை கட்டியபோது ஏதோ தூசி என்றுதான் இருந்தோம். ஆஸ்பத்திரிக்கு நானும் வந்தேன். புற்று என்றார்கள். குரல்வளையை எடுத்தாக வேண்டும், எடுத்தாலும் எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது என்றார்கள். திரும்பும்போது சிக்ஸ் சீட்டர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வண்டி சாங்வியை நெருங்கியது. அப்போது, "என்ற கொழந்தைக்கு மூணு வயசு. என்ற சத்தம் அவளுக்கு நெனப்பிருக்குமா?" என்று கேட்டாய். இருக்கும் என்றேன். இருக்காது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மதியமும் மகளைப் பக்கத்து மராத்தி வீட்டில் விட்டுவிட்டு, மைக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். கதைகள் சொன்னாய். தாலாட்டு பாடினாய், சுருதி என்று ஒன்று உனக்குக் கிடையாது, இருந்தும் பாடினாய். பெரியவளானதும் கேட்க வேண்டியது என்று தனியாகக் கொஞ்சம் பேசினாய். அது என்னவென்று எனக்குக்கூடச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முந்தைய நாள் அந்தப் பதிவுகளால் வீட்டுக் கணினியில் இடம் நிறைந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாக்கி சிடியில் போட்டுவிடலாம் என்று அலுவலக நிரலைக் கொண்டுவந்து ஓடவிட்டாய். வீட்டைத் துடைத்தாய், மகளின் துணிகளை மடித்தாய், பெட்டி கட்டினாய். நிரல் முடிந்திருந்தது. உன் கணவர் அந்த ஜிப்பை அப்படியே சிடியில் ஏற்றி, பூஜை அலமாரியில் பத்திரமாக வைத்தார்.

கழுத்தில் குழாயோடு நீ வீடு திரும்பிய பிறகுதான் அந்தச் சிடியைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். உன் கணவர் போனில் உளறினார். ஓடி வந்தேன். பார்த்ததுமே புரிந்துவிட்டது. வரைபடம் ஏறும் பத்து வினாடியில் அதைவிடப் பல மடங்கு பெரிய குரல் பதிவு ஏறவில்லை. ஒவ்வொரு பதிவும் உள்ளே ஏறி முடிப்பதற்குள் உன் நிரல் அதை அழித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தது. குப்பைத்தொட்டியிலும் தங்கவிடாத அழிப்பு. நீ ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் கணினியின் அதே வட்டில் வேறு என்னென்னவோ எழுதப்பட்டுவிட்டது. மீட்டுத் தருவதாகச் சொன்ன கடைக்காரர் இரைச்சலைத்தான் மீட்டுத் தந்தார்.

நீ அழவில்லை. மகளின் சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினாய்: "நான் எழுதுனது சரியாத்தான் வேலை செஞ்சிருக்குது." உள்ளங்கையால் அழித்தாய். போட்டோதான் இருக்கிறதே என்று உன் உறவுக்காரர் ஒருவர் ஆறுதல் சொன்னார். அவரை அறையலாம் போல இருந்தது எனக்கு.

அடுத்த மழைக்காலத்துக்கு நீ இல்லை.

அந்த ஜிப்பில் பிழைத்தது மிகச் சின்ன கோப்பு ஒன்றுதான். அது என்னிடம் இருக்கிறது. கணினி மாற்றும் ஒவ்வொரு முறையும் அதைப் புதியதில் ஏற்றி, திறந்து, முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் பழையதை அழிக்கிறேன். வேறு எதையும் இப்படிப் பொத்திப்பொத்தி வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கில்லை.

உன் மகள் இப்போது கோந்த்வாவில் தங்கி வேலைக்குப் போகிறாள். தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசுவாள், படிக்க வராது. இந்தக் கடிதத்தையும் அவளால் படிக்க முடியாது. போன மாதம் வந்திருந்தாள். அம்மா குரல் எப்படி இருக்கும் என்று முதன்முதலாகக் கேட்டாள். நான் அதைப் போட்டேன். நீ மைக்கைச் சோதித்துப் பார்த்த பதிவு அது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "கண்ணு, அம்மா பேசறது கேக்குதா?" என்கிறாய். அவ்வளவுதான், முடிந்துவிடுகிறது.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கேக்குதும்மா, சொல்லு" என்றாள்.