பூ கேட்ட ஐந்து மணி நேரம்

மல்லசமுத்திரம்,
ஞாயிறு

அன்பு மகள் மதுமதிக்கு, அம்மா எழுதுவது. அந்தக் குளிரில் நீ சுகமாக இருக்க வேண்டும், இங்கே பாதி சுகம். அப்பா நேற்று இடது கையாலேயே இட்லியைப் பிட்டுச் சாப்பிட்டார், வலது கை இன்னும் எழவில்லை. என் பெயரைச் சொல்ல வாயெடுத்து, வராமல், இவளே என்று முடித்துக்கொண்டார். உன் பெரியப்பா சிரித்து, இருவத்தஞ்சு வருசமா அதுதான கூப்புடற பேரு, நெனப்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது என்றார்.

நாளை ஆஸ்பத்திரிக்குப் புகார் அனுப்பப்போவதாகச் சொன்னாய், அதனால்தான் இதை எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். டாக்டர் தீபிகா ஆபரேஷனைத் தள்ளிப்போட்டதால்தான் அப்பாவுக்கு இப்படி ஆயிற்று என்று நான் உன்னிடம் சொன்னது பொய். அப்பா வண்டியிலிருந்து விழுந்த அன்று காலை, தலைமாட்டை உயர்த்தி, மூச்சுக்குக் குழாய் வைத்து, வீக்கம் வடிய மருந்து ஏற்றியும் மூளையின் அழுத்தம் இறங்கவில்லை. பதினொரு மணிக்கு அந்த டாக்டர் பெண் வந்து, மண்டைக்குள்ள எடமே இல்லீங்கம்மா, ஒரு பக்கத்து எலும்ப எடுத்து விட்டாத்தான் மூளை நசுங்காது, கையெழுத்துப் போடுங்க என்றார். சாமியிடம் பூ கேட்காமல் போட மாட்டேன் என்றேன். நாம் கிணறு வெட்டியதும் உன்னை வெளிநாடு அனுப்பியதும், சாமி முன் போட்ட இரண்டு பொட்டலத்தில் சிவப்பு வராமல் வெள்ளைப் பூ வந்த பிறகுதானே. கோயில் நடையோ நாலு மணிக்குத்தான் திறக்கும். பெரியப்பாவே, போட்டுரு அம்மிணி, சாமி எங்கயும் போயிராது, அப்பறம் கும்புட்டுக்கலாம் என்றார். விலங்கியல் படித்த நான்தான் அசையவில்லை. பக்தி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஏதாவது ஆகிவிட்டால் பழி பூவின் மேல் போகட்டும், என் மேல் வேண்டாம் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் மூன்று முறை வந்தார், கடைசியில் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். நாலு மணிக்குக் கோயிலிலிருந்து பெரியப்பா போன் செய்து சிவப்பு என்றார், இன்னொரு தரம் கேளுங்க மாமா என்றேன், மறு நொடியே வெள்ளை என்றார், நான் கையெழுத்துப் போட்டேன். பார்த்துத்தான் சொன்னாரா என்று நான் இதுவரை கேட்கவில்லை.

கை விழுந்ததற்கு அந்தத் தாமதமா காரணம் என்று பிறகு டாக்டரிடம் கேட்டேன். இருக்கலாங்க, அடியும் பலமான அடி, உறுதியாச் சொல்ல முடியாது என்றார். உன்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். என்னை ஒருவரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை.

புகாரை அனுப்பாதே சாமி. வேளைக்குச் சாப்பிடு, வண்டியில் யார் பின்னால் உட்கார்ந்தாலும் ஹெல்மெட் போடு. நீ நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும். இதைப் படித்ததும் போன் மட்டும் செய்யாதே, எழுது. உன் குரலைக் கேட்டால் நான் மறுபடியும் பொய் சொல்லிவிடுவேன்.

உன் அம்மா,
அறிவுச்செல்வி