சிவப்புத் துணி

1996, ஆடி, செவ்வாய் இரவு

எங்கள் ஹவுசிங் யூனிட்டில் எல்லோரும் சேர்ந்து போட்ட தோட்டத்தில் இன்று காலை கத்தரிக்கு மருந்தடித்தேன். அடித்தவர் வேலியில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். கட்டியிருந்தால் ஒரு வாரத்துக்கு யாரும் பறிக்கமாட்டார்கள். எனக்கு மறந்துபோனது.

சாயங்காலம் கீழ்வீட்டு சாந்தி கிண்ணத்தோடு வந்தாள்.

"ஏனுங்ணா, நம்ம தோட்டத்துக் கத்தரிக்காய்க் குழம்புங்க. மத்தியானம் பறிச்சேன். புள்ளைங்க ரெண்டும் நல்லா சாப்பிட்டுச்சுங்க."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "சரிங்க அம்மணி" என்று வாங்கிக்கொண்டேன். கழுவித்தானே சமைத்திருப்பாள்.

என் மகள் கேட்டும் கொடுக்காமல் குழம்பைக் கொட்டிவிட்டேன். அதை மட்டும் மறக்கவில்லை.

ஒன்பதுக்கே அணைந்துவிடும் கீழ்வீட்டு விளக்கு இன்னும் எரிகிறது. இறங்கிப் போய்ச் சொல்லிவிட வேண்டும்.