கிரேக்க ஊர் நூலகத்தில் அண்ணாவின் கையெழுத்து

என் அன்பு அண்ணாவுக்கு,

நீங்கள் சொன்னது பொய்யில்லை. இந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டு வருசம் பிடித்திருக்கிறது. அந்த நூலகம் இருக்கிறது, அண்ணா. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஏதென்ஸில் ஒலிம்பிக் தொடங்கிய அன்று, இங்கே நோர்வேயில் மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த நீங்கள் திடீரென்று சொன்னீர்கள்: "அந்த நாட்டிலை ஒரு சின்ன ஊர் நூலகத்திலை என்ரை கையெழுத்து இருக்கு. பழைய கப்பல் புத்தகங்களுக்கு நான்தான் பட்டியல் எழுதினனான்."

முதலில் சிரித்தது நான்தான். "கப்பல் எஞ்சினுக்கு எண்ணெய் விட்ட ஆளை நூலகத்துக்குள்ளை விட்டவையோ? கொஞ்சம் குறைச்சு அளந்துவிடுங்கோ அண்ணா!" என்றேன். என்னைப் பார்த்துத்தான் மற்றவர்களும் சிரித்தார்கள். நீங்கள் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு அந்தக் கதையை நீங்கள் எடுக்கவே இல்லை. நானும் கேட்கவில்லை. அந்தப் பனிக்காலத்திலேயே உங்கள் இதயம் நின்றுபோனது. ஏன் நான் ஒருநாளாவது கேட்கவில்லை?

இந்தக் கோடையில் எல்லா நோர்வேக்காரரையும் போல நாங்களும் வெயில் காயக் கிரேக்கத்துக்குப் போனோம். அன்றைக்கே நீங்கள் பெயர் சொல்லியிருந்த அந்த ஊர், நாங்கள் தங்கியிருந்த இடத்திலிருந்து பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம். போகப் போகிறேன் என்றதும் என் கணவர் கேட்டார்: "அங்கை ஒண்டும் இல்லாட்டி என்ன செய்வாய்? பேசாமல் விடன். இப்பவெண்டால் உன்ரை அண்ணை சொன்னது உண்மையா இருக்கலாம் எண்டாவது இருக்கு."

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஆனாலும் ஏறிவிட்டேன். பஸ்ஸில் போகும்போது, இல்லையென்று தெரிந்தால் அண்ணிக்குச் சொல்வதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டேன்.

துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் பழைய சுங்கக் கட்டடத்தின் மேல்மாடியில்தான் நூலகம். மூன்றே அறைகள். முதல் அறை முழுக்கப் பிள்ளைகளின் புத்தகங்கள். இரண்டாவதில் அந்த ஊர்ப் பத்திரிகைகளைக் கட்டிவைத்திருக்கிறார்கள். யாரோ ஒரு வாத்தியார் மலைமலையாய் ஏறிப் பறித்து உலர்த்தி ஒட்டிய செடிகொடிகள்கூடப் பெரிய தாள்களில் இருக்கின்றன. மூன்றாவது அறையில் கடலுக்குப் போனவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள். அவற்றுக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரி நிறையத் தடித்த புத்தகங்கள். அந்த ஊர்க் கப்பல் தலைவர்கள் எழுதிய நாட்குறிப்புகள், பிற்காலத்தில் அவர்களின் குடும்பங்கள் கொடுத்தவை.

அங்கே வேலை செய்யும் மரியா என்ன வேண்டுமென்று கேட்டா. வாயைத் திறந்தால் எனக்கு நோர்வே மொழிதான் வருகிறது. பிறகு ஆங்கிலத்தைத் தேடிப் பிடித்து, "என் அண்ணா... கப்பலில் வேலை செய்தவர்... வெகுகாலத்துக்கு முந்தி" என்றேன். பெயர் கேட்டா. சொன்னேன்.

"ராசானா? பட்டியல் எழுதியவரா?" என்று கேட்டுவிட்டு, அலுமாரியின் கீழிருந்து ஒரு நீளமான மரப்பெட்டியை இழுத்து மேசையில் வைத்தா.

பெட்டி முழுக்க அட்டைகள். கப்பலின் பெயர், தலைவரின் பெயர், போன துறைமுகங்கள் எல்லாம் ஆங்கிலத்தில், உங்கள் சரிந்த எழுத்தில். ஒவ்வோர் அட்டையின் மூலையிலும் தமிழில் சின்னதாக 'ராசன்'. கதிரையை இழுத்துப்போட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன்.

ஓர் அட்டையில், கடலில் நின்று தண்ணீர் ஏற்றிய இடங்களின் வரிசையில் பருத்தித்துறை என்று இருக்கிறது. அதற்குக் கீழே நீங்கள் தமிழில் எழுதியிருக்கிறீர்கள்: "எங்கடை ஊர்!"

மரியாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். "அது எழுத்தா? நாங்கள் ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தோம்!" என்று வாயில் கைவைத்தா. பிறகு அவ சொன்னதைத்தான் நீங்கள் கேட்க வேணும், அண்ணா. ஆங்கிலக் கப்பல்களில் போன தலைவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய புத்தகங்களாம் அவை. ஊரில் அவற்றை வாசித்து ஒழுங்குபடுத்த ஆள் இருக்கவில்லையாம். "இந்தப் பெட்டி இல்லாவிட்டால் அந்த அலுமாரி எங்களுக்கு ஊமை. கப்பல் வரலாறு தேடி வருகிற எல்லோருக்கும் முதலில் இதைத்தான் எடுத்துக் கொடுக்கிறோம்."

மரியா யாருக்கோ தொலைபேசி எடுத்தா. அரை மணித்தியாலத்தில் ஒரு வயதான அம்மா ஊன்றுகோலோடு படியேறி வந்தா. உங்கள் காலத்தில் அங்கே நூலகராக இருந்த எலேனி. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கதைக்கத் தொடங்கினா. மரியா ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தா.

கப்பல் முதலாளி கைவிட்டுப் போக, கப்பலில் வேலை செய்த நீங்கள் எல்லோரும் அந்த மாரிக்குளிர் முழுக்கத் துறைமுகத்தில் அகப்பட்டுக் கிடந்தீர்களாம். அடுப்புச் சூட்டுக்காக நூலகத்துக்கு வந்து, முதல் கிழமை சும்மா இருந்துவிட்டுப் போனீர்களாம். பிறகொரு நாள், பூட்டியிருந்த அலுமாரியைக் காட்டித் திறக்கக் கேட்டீர்களாம். "கையைக் கழுவிவிட்டு வந்திருக்கிறேன் என்று இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினான். நகத்துக்குள் இருந்த எஞ்சின் எண்ணெய் போகவில்லை. ஆனால் நான் திறந்துவிட்டேன்" என்று எலேனி சிரித்தா.

ஏன் இந்த வேலையைச் செய்கிறாய் என்று கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதிலை அவ மறக்கவில்லை. "எங்கள் ஊர் நூலகத்தை எரித்துவிட்டார்கள். இங்கே ஒன்று இருக்கிறது. சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை."

இதை ஏன் எங்களிடம் சொல்லவில்லை? சொல்ல வந்தபோதுதான் நான் சிரித்தேனா?

வெளியே வந்து அந்தக் கட்டடத்தின் வாசற்படியில் இருந்தே அண்ணிக்குத் தொலைபேசி எடுத்தேன். அண்ணி அழவில்லை. "எனக்குத் தெரியும். அவர் ஒருநாளும் பொய் சொல்லமாட்டார்" என்றா. துரொண்ட்ஹெய்மில் படிக்கிற உங்கள் மகளுக்கு, உள்ளே எடுத்து வைத்திருந்த 'எங்கடை ஊர்!' அட்டையின் படத்தை அனுப்பினேன். அவள் உடனே தொலைபேசி எடுத்தாள். "மாமி, அப்பா பிப்லியோதேகாராவும் இருந்திருக்கிறார், என்ன?" நூலகர் என்பதைச் சொல்ல அவளுக்கு நோர்வேச் சொல்தான் முந்தி வந்தது. "ஓம் பிள்ளை, இருந்தவர்" என்றேன். அந்தப் பதிலைச் சொல்லும்போது எனக்கு வந்த பெருமிதம், என் பிள்ளைகள் பட்டம் எடுத்த அன்றுகூட வரவில்லை.

நீங்கள் துப்புரவு வேலை செய்த ட்வெய்ட்டா கடைத்தொகுதியில், உங்கள் கை துடைத்த தரையில் முகம் பார்க்கலாம் என்பார்கள். அட்டைகளிலும் ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. ஒரே கைதானே.

வீட்டுக்கு வந்து, அன்றைக்குச் சிரித்தவர்களையெல்லாம் கூப்பிட்டேன். படங்களை மேசையில் பரப்பி, "முதலிலை சிரிச்சது நான். முதலிலை சொல்ல வேண்டியதும் நான்தான். அண்ணா சொன்னது முழுக்க உண்மை" என்றேன். ஒவ்வொருவராக எழும்பி வந்து, குனிந்து உங்கள் எழுத்தை வாசித்தார்கள்.

இன்னொன்று, அண்ணா. இளவேனிலில் உங்களை ஊருக்கு அனுப்பியபோது அந்த அலுமாரியின் கடைசித் தட்டு பட்டியல் எழுதப்படாமல் மிஞ்சிப்போனதாம். பதினொரு புத்தகங்கள். அதற்குப் பிறகு அந்த வேலைக்கு ஆள் கிடைக்கவில்லையாம். நான் எழுதட்டுமா என்று அன்றைக்கு அங்கேயே கேட்டேன். எலேனி மரியாவைப் பார்த்தா. மரியா எழும்பிப் போய் ஒரு கட்டு வெற்று அட்டைகளைக் கொண்டுவந்து என் கையில் தந்தா.

வாற வைகாசிக்கு வேலையில் மூன்று கிழமை லீவு கேட்டு எடுத்துவிட்டேன். உங்கள் மகளும் வருகிறாள். பழைய ஆங்கில எழுத்து எனக்கு விளங்கச் சுணங்கும். பரவாயில்லை, அவள் வாசிக்க நான் எழுதுவேன். மூன்று கிழமை போதாவிட்டால் அடுத்த வருசமும் போவோம். பதினொன்றையும் முடிப்பேன், அண்ணா. இது என் வாக்கு.

உங்கள் கடைசித் தட்டை எழுதப்போகும்
தங்கச்சி,
ராணி