பாவம் பார்த்த கை

செவ்வாய், ஸ்கந்தபுரம்.

தவராசா அண்ணைக்குக் கைப்பயிற்சி கொடுக்கப் போனேன். இன்றும் அந்த வலது கையைத் துண்டால் கழுத்தோடு கட்டி வைத்திருக்கிறார்கள்! உழவு மெசினில் அறுந்த நரம்பு பொருந்திவிட்டது. அது தசையோடு சேருமிடம் வேலை கொடுத்தால்தான் பலப்படும், சும்மா விட்டால் சோர்ந்துவிடும் என்று அவர் மனைவிக்கு எத்தனை தரம்தான் சொல்வது?

"பாவம் மிஸ், கை களைச்சுப்போகும். நான் வாயில சோறு தீத்திவிடுறன்தானே."

"நீங்கள் பாவம் பாக்கிறதுதான் அக்கா அந்தக் கையைக் கெடுக்குது!"

கத்தியேவிட்டேன். துண்டை அவிழ்த்துத் தேநீர்க் கோப்பையைக் கொடுத்தோம். விரல்கள் மடங்கின. கோப்பை நடுங்கி நடுங்கி மேலே வந்தது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

பாய்ந்துபோய்க் கோப்பையைத் தாங்கியது என் கைதான்.